மெக்கானிக் மரியானும் ஆற்றுக்குப் போன இஞ்சினும்

தூரத்து வேத ஊழியத்துக்காகக் கொண்டாடுகிற மிஷன் ஞாயிறு மலருக்கு எழுதித் தரவேண்டும் என்று எங்கள் பங்குக் கோயில் சாமியார் வந்து கேட்டபோது, என்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வளன், ஐஸ் பெட்டி சுமந்த தோளை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று லாஞ்சுக்கு முதலாளியான கதை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் சாமி வேறு ஒன்றைக் கேட்டார்.

“அண்ணாச்சி, நம்ம பங்குல இருந்து மிஷனுக்குப் போன ஒரு ஆளப் பத்தி எழுதித் தாங்க.”

“குருமடத்துல சேந்து போன பயலுவ நாலஞ்சு பேரு இருக்கானுவளே சாமி. அவனுவளக் கேளுங்க.”

“நான் சொல்லுதது மெக்கானிக் மரியான. உங்ககிட்ட முப்பது வருசம் வேலை பாத்த ஆளு. உங்கள விட்டா யாரு எழுதுவா?”

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. காலையில் எழுந்து சட்டை போடுவதற்குள்ளேயே உடம்பு அலுத்துப்போகிறது. அதோடு, மரியானைப் பற்றி எழுதினால் என்னுடைய இஞ்சினைப் பற்றியும் எழுத வேண்டும். அந்தக் கதையில் நான் ஜெயிக்கவில்லை. இருந்தாலும் வளன் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டு பாதியில் விட்டதில்லை. எழுதிவிட்டேன். எழுத்துப்பிழைகளை மட்டும் என் மகன் டெரன்ஸ் திருத்தினான். மற்றதெல்லாம் நான் எழுதியதுதான்.

மரியானும் என்னைப் போலத் திரேஸ்புரத்துக்காரன். இன்றைக்கும் அங்கேதான் இரண்டு அறை வீட்டில் இருக்கிறான். அவன் அப்பா சங்கு குளித்தவர். மூச்சடக்கி மூச்சடக்கி நெஞ்சு கெட்டு, நாற்பது வயதிலேயே கரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து வளர்ந்த மரியான் கடலுக்குள் இறங்கவில்லை. கடலுக்குப் போகிற இஞ்சினுக்குள் கையை விட்டான். லாஞ்சு என்று நாங்கள் சொல்கிற விசைப்படகுகள் இந்தத் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றில் மரியான் கைபடாத இஞ்சின் குறைவு.

அவனை வேலைக்கு வைத்தவன் நான்தான். அப்போது எனக்கு ஒரே ஒரு லாஞ்சு. அதுவும் பாதி கடன். நடுக்கடலில் மூன்று தரம் நின்றுபோன அந்த இஞ்சினை நாலு மெக்கானிக் பார்த்துக் கைவிட்டார்கள். மரியான் வந்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இஞ்சின் மேல் வைத்து, பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான். இஞ்சின் சத்தத்தில் அவனுக்கு அப்போதே ஒரு காது போய்விட்டது. அதனால் பல் வழியாகத்தான் கேட்பான். ஒரு நிமிஷம் கழித்து வாயிலிருந்து எடுத்துவிட்டு, “மூணாவது சிலிண்டரு” என்றான். மூன்றாவது சிலிண்டர்தான். அன்றைக்கே, “ஏலே, நீ இனி வேற எவன் லாஞ்சுக்கும் முதல்ல போகக் கூடாது” என்று சொல்லிவிட்டேன். ஆளைப் பார்த்தவுடனே தேறுமா தேறாதா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வருடத்தில் இரண்டு மாதம், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை, மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சர்க்கார் லாஞ்சுகளைக் கடலுக்கு விடாது. அந்தத் தடைக்காலத்தில்தான் எல்லா இஞ்சினையும் பிரித்து வேலை பார்ப்பார்கள். மரியான் ஒவ்வொரு வருடமும் தடைக்காலத்தில் பிரிக்கிற முதல் இஞ்சினுக்குக் கூலி வாங்க மாட்டான். அந்த முதல் இஞ்சின் எப்போதும் புருசனைக் கடலில் விட்ட ஏதாவது ஒரு பெண்பிள்ளையுடைய சின்ன வள்ளத்தின் இஞ்சினாகத்தான் இருக்கும். முதலாளியான என்னுடையது இரண்டாவது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, என் மெக்கானிக் இப்படிப்பட்டவன் என்று நானே வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். கூலி போனது அவனுக்கு, பேர் வந்தது எனக்கு.

இப்போது இஞ்சின் கதைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தின மிஷன் ஞாயிறுக்கு ரெக்ஸ் சாமி வந்திருந்தார். அவர் நம் கடற்கரையில் பிறந்தவர்தான். இருபது வருடமாக அஸ்ஸாம் பக்கம் ஒரு பெரிய ஆற்றங்கரையில் மிஷன் வேலை பார்க்கிறார். பிரசங்கத்தில் அவர் சத்தம் போடவில்லை. ஆற்றுக்கு நடுவே மணல் திட்டுகள் இருக்கின்றன, அதில் ஜனங்கள் குடிசை போட்டு இருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் திட்டு கரைந்துவிடும், ஜனங்கள் இன்னொரு திட்டுக்குப் போவார்கள், இரண்டு கன்னியாஸ்திரிகள் மருந்துப் பெட்டியோடு படகில் போய் அவர்களைப் பார்க்கிறார்கள், படகு மூங்கில் கழி ஊன்றித்தான் போகிறது என்று வீட்டு விசயம் சொல்வது மாதிரி சொன்னார்.

“எங்களுக்குப் பணமும் வேணும், ஆளும் வேணும்” என்றார் கடைசியில். “பணம் எப்படியாவது வந்துரும். ஆளுதான் வரமாட்டேங்குது.”

எல்லோரும் இளவட்டப் பிள்ளைகள் நிற்கிற பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் கூரையைப் பார்த்தார்கள். மரியான் தூண் ஓரம் நின்று நல்ல காதைக் கையால் மடக்கிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஏலம். நம் பங்குக்காரர்களுக்கு அது தெரியும். வெளியூர் ஆட்கள் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டில் இருப்பதை ஆளுக்கு ஒன்று கொண்டுவருவார்கள்: சேவல், முருங்கைக்காய்க் கட்டு, கருவாடு, இளநீர்க் குலை. அதை ஏலம் விட்டு மிஷனுக்கு அனுப்புவது. ஏலம் எடுத்தவன் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால் மரியாதை இல்லை. திரும்பக் கொடுக்க வேண்டும், மறுபடி ஏலம் போகும். ஒரே சேவல் ஐந்து தரம் விலை போவதைப் பார்த்திருக்கிறேன். சேவலுக்கே அலுத்துவிடும்.

அன்றைக்கு எனக்கும் ஐஸ் கம்பெனிக்காரருக்கும் ஒரு சேவலில் போட்டி வந்துவிட்டது. அவர் ஏற, நான் ஏற, கூட்டம் கைதட்ட, கடைசியில் நான் நடுவில் போய் நின்று சொன்னேன்.

“சேவல் அவருக்கே இருக்கட்டும். நான் ரெக்ஸ் சாமி படகுக்கு ஒரு இஞ்சின் தாரேன்!”

முற்றம் முழுக்க சத்தம். ரெக்ஸ் சாமி கண் கலங்கி என் கையைப் பிடித்தார். அந்தச் சமயம் யாரோ பின்னாலிருந்து என் சட்டையை இழுத்தார்கள். மரியான்.

“அண்ணாச்சி, ஆத்துக்கு அது ஆகாது” என்றான் மெதுவாக.

“என்னலே ஆகாது?”

“நம்ம இஞ்சின் கடல் தண்ணிய இழுத்துல்லா சூட்டத் தணிக்கி. ஆத்துல இழுத்தா சேறும் மண்ணும்தான் உள்ள வரும். பம்பு தின்னு போவும். வேற மாதிரி பண்ணணும்.”

எனக்கு நல்ல நேரத்தில் குறுக்கே வந்துவிட்டானே என்று இருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“ஏலே, உப்புத் தண்ணியில ஓடுனது நல்ல தண்ணியில ஓடாதாலே? மாட்டுக்குக் கூட நல்ல தண்ணிதானலே வைக்கோம்!”

கூட்டம் சிரித்தது. மரியானும் லேசாகச் சிரித்தான். அப்புறம் பேசவில்லை. காது கேட்காதவனிடம் ஒரு வசதி, அவன் எப்போது வாயை மூடினாலும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் கடல்தான். படகு என்றால் கடல் படகுதான். நானூறு ஐந்நூறு வருடமாக உப்பில் ஊறிய புத்தி. நான் மட்டும் இல்லை, அன்றைக்கு முற்றத்தில் இருந்த அத்தனை பேரில் மரியானைத் தவிர ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. இஞ்சினைக் கழுவி, பெயின்ட் அடித்து, அதன் தேக்கு மூடியில் சிவப்பு எழுத்தில் ‘அன்பளிப்பு: வளன், லாஞ்சு உரிமையாளர், திரேஸ்புரம், தூத்துக்குடி’ என்று எழுதி, பங்குச்சாமி ஜெபம் சொல்லி மந்திரிக்க, மேளம் வைத்து லாரியில் ஏற்றினோம். போட்டோ பத்திரிகையிலும் வந்தது.

மறு வருடம் ஏப்ரல் பத்தாம் தேதி. தடைக்காலம் தொடங்க ஐந்து நாள். துறைமுகத்தில் என் ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது ரெக்ஸ் சாமி போன் பண்ணினார். சாமியார் எனக்குப் போன் பண்ணுவதை நாலு பேர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இஞ்சின் நின்னு மூணு மாசமாச்சு.”

துறைமுகமே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஸ்பீக்கரை அணைக்க எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

“சேறு ஏறி, பம்பு தேஞ்சு, சூடாகி, கேஸ்கெட் எரிஞ்சிட்டுன்னு சொல்லுதாவ. இங்கன அந்த இஞ்சினத் தொடத் தெரிஞ்ச ஆளு இல்ல. ஜூன்ல வெள்ளம் ஏறிரும். கழி ஊனிப் போனா வெள்ளத்துல நாப்பது திட்டுல ரெண்டுக்குத்தான் எட்ட முடியும். மத்த முப்பத்தெட்டுக்கும் மழை முடியுற வரைக்கும் மருந்து கிடையாது. யாராவது ஒரு மெக்கானிக்க அனுப்ப முடியுமா?”

“பாக்கேன் சாமி, பாக்கேன்” என்று சொல்லி ஒருவழியாக வைத்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் மோசம்.

மரியான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

“நான் போயிட்டு வாரேன் அண்ணாச்சி.”

“எங்கன?”

“அங்கனதான். கன்னியாகுமரியில ஏறுனா நாலு நாள்ல ரயிலு கொண்டு விட்டுருமாம்.”

“ஏலே, உனக்குக் கிறுக்கா? அஞ்சு நாள்ல தடை. மூணு இஞ்சினையும் இறக்கணும். ஒனக்கு அம்பத்தொம்பது வயசு, முட்டி மடங்க மாட்டேங்கு. அந்தப் பாஷையும் தெரியாது, தெரிஞ்சாலும் ஒனக்குக் கேக்காது!”

“இஞ்சின் பாசை தெரியும்லா.”

“மூணு லாஞ்சுல முப்பது பேரு வேலை பாக்கான். ஜூன் பதினஞ்சு காலையில என் லாஞ்சு போகலைன்னா முப்பது குடும்பத்துக்கு யாரு பதில் சொல்லுவா, நீயா?”

அது நியாயமான கேள்விதான், இன்றைக்கும் சொல்கிறேன். தடை முடிந்து கடலுக்குப் போகிற முதல் இரண்டு மூன்று நாளில் கிடைக்கிற மீன்பாடு, வருடம் முழுக்க வராது. இரண்டு மாதம் ஆறப்போட்ட கடல். அந்த நாட்களை விட்டவன் ஆடி வரைக்கும் புலம்பிக்கொண்டிருப்பான். தடைக்காலத்தில் வேறு மெக்கானிக்கும் கிடைக்காது. எல்லாரும் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டவர்கள். மரியான் போனால் என் லாஞ்சுகள் நேரத்துக்குக் கிளம்பாது. போகாவிட்டால் அந்த ஆற்றுப் படகு கிளம்பாது. விசயம் இவ்வளவுதான், யார் கணக்குப் போட்டாலும் இதுதான்.

பெண்டாட்டி தடுத்துவிடுவாள் என்று நினைத்து, மறுநாள் சாயந்திரம் அவன் வீட்டுக்குப் போனேன். மரியான் வீட்டில் இல்லை. அவன் மனைவி மரியசெல்வி வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி போட்டாள்.

“ஏளா மரியசெல்வி, ஒன் மாப்பிள்ளைக்கு நீயாவது புத்தி சொல்லக் கூடாதா?”

“யாருட்ட சொல்ல அண்ணாச்சி? இந்தக் காதுல சொன்னா கேக்காது. அந்தக் காதுல சொன்னா கேக்காத மாதிரி இருப்பாவ.”

“வெளையாடாத. அங்கன போயி ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா?”

அவள் அரிவாள்மணையை நகர்த்தி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

“உங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. பத்தொம்பது வயசுல இவுக கல்யாணமே வேண்டாம், மிஷனுக்குப் பிரதரா போகணும்னு பெட்டியோட கிளம்புனவுக. எழுதிப் போட்டு, வரச்சொல்லி லெட்டரும் வந்துட்டு. அந்த மாசம்தான் மாமா நெஞ்சு கெட்டுக் கரையில உக்காந்தாவ. பின்னால மூணு நாத்தனாருமாரு. யாரு பாப்பா? பெட்டிய அவுத்துட்டு வொர்க்ஷாப்புக்குப் போயிட்டாவ. நாப்பது வருசமாச்சு. கோவில்ல எவனாவது ஒரு சாமி வந்து மிஷனு மிஷனுன்னு பேசிட்டுப் போனா அன்னைக்கு இவுக சோறு திங்க மாட்டாவ.”

முப்பது வருடம் என்னிடம் வேலை பார்த்தவன். அவன் செருப்பு அளவு கூட எனக்குத் தெரியும். இது தெரியாது.

“சரி ஏளா. ஆனா அதுக்குத்தான் நான் இஞ்சினே குடுத்தேனே. நம்ம ஊர்ல வேற எவன் குடுத்தான்?”

மரியசெல்வி என்னை நேராகப் பார்த்தாள். மரியாதை குறையாத பெண்பிள்ளை. அன்றைக்கும் குறையவில்லை. சொன்னது மட்டும் குறையாமல் விழுந்தது.

“நீங்க குடுத்தது ரெண்டாம் லாஞ்சுல கழட்டிப் போட இருந்த இஞ்சின்தான அண்ணாச்சி? இன்னும் ரெண்டு வருசம்தான் தாங்கும்னு இவுகதான உங்களுட்ட சொன்னாவ. புது இஞ்சினுக்கு நீங்க அப்பவே சொல்லி வச்சிருந்தீகளே.”

உண்மை அதுதான். இந்த மலரைப் படிக்கிற ஐஸ் கம்பெனிக்காரருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அது கழற்றிப் போட இருந்த இஞ்சின்தான். ஓடாத இஞ்சின் இல்லை, ஓடுகிற இஞ்சின். ஆனால் எனக்கு வேண்டாத இஞ்சின். வேதத்தில் பணக்காரர்கள் மிச்சத்தைப் போட, ஏழை விதவை தன்னிடம் இருந்த இரண்டு காசையும் போட்ட கதையை அறுபது வருடமாகக் கோயிலில் கேட்கிறேன். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்காகத்தான் சாமி அதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க போகாதன்னா இவுக போக மாட்டாவ” என்றாள் மரியசெல்வி. “உங்க சோத்தத் தின்னவுக. நீங்கதான் சொல்லணும். எனக்கும் விட்டுட்டு இருக்க மனசில்லதான். மேலுக்கு முடியல எனக்கும். ஆனா நான் நாப்பது வருசம் வச்சிக்கிட்டேன்லா.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். பைக்கை அவள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுக்கக் கூச்சமாக இருந்தது. மறுநாள் டெரன்ஸ் போய் எடுத்து வந்தான்.

சந்தோசமாகச் சரி சொன்னேன் என்று எழுதினால் சாமிக்குப் பிடிக்கும். அப்படிச் சொல்லவில்லை. அலுப்பில்தான் சொன்னேன். காலையில் துறைமுகத்துக்குப் போய், இஞ்சினுக்கு அடியில் படுத்துக்கிடந்த மரியானின் காலை உதைத்து எழுப்பி, “போய்த் தொலைலே, டெரன்ஸ் டிக்கட் எடுத்துத் தருவான்” என்றேன். அவன் படுத்தபடியே என்னைப் பார்த்தான். “கேக்கல அண்ணாச்சி” என்றான். கேட்டதுதான். இன்னொரு தரம் சொல்ல வைக்க வேண்டும் அவனுக்கு. சொன்னேன்.

அதன்பிறகு முப்பது ஆட்களையும் கூப்பிட்டு வைத்து, “இந்தத் தரம் நம்ம லாஞ்சு பிந்தித்தான் போவும். முதல் நாளுக்கு எவனுக்கு எந்த லாஞ்சுல இடம் கிடைக்கோ ஏறிக்கோங்க. நான் கேக்க மாட்டேன்” என்று சொன்னேன். வேலை பார்க்கிற ஆளை வேறு முதலாளி லாஞ்சில் ஏற்றிவிடுவது என்பது எனக்குக் கையை வெட்டிக் கொடுக்கிற மாதிரி.

மரியான் ஒரு பை துணியும், ஒரு பெட்டி ஸ்பேனரும், கடிக்கிற அந்த ஸ்க்ரூ டிரைவருமாகப் போனான். போகிற அன்றைக்குக் காலையிலும் ஒரு விதவையின் வள்ளத்து இஞ்சினைப் பிரித்துச் சேர்த்துவிட்டுத்தான் கன்னியாகுமரிக்கு பஸ் ஏறினான். அந்த வருடத்து முதல் இஞ்சின் அதுதான். இரண்டாவது என்னுடையது இல்லை.

இரண்டு மாதம் வெயிலில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மெக்கானிக் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவன் மூன்று இஞ்சினையும் பிரித்துப் போட்டுவிட்டு வேறு லாஞ்சுக்குப் போய்விட்டான். கடைசியில் ஜூன் பத்தாம் தேதிக்கு மேல்தான் ஒரு நல்ல ஆள் அமைந்தான்.

ஜூன் பதினைந்து விடியற்காலை ஐந்து மணி. டோக்கன் வாங்கிக்கொண்டு லாஞ்சுகள் ஒவ்வொன்றாக வாய்க்கால் விட்டு வெளியே போயின. மாலையும் கொடியும் வேட்டுமாக. என் மூன்றும் கட்டிக்கிடந்தன. நான் அங்கேயே நின்றேன். ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை வளன்.

“வளன் அண்ணாச்சி, லாஞ்சுக்கும் தவக்காலமா?” என்று ஐஸ் கம்பெனிக்காரர் லாரியில் இருந்தபடியே கேட்டார்.

“ஆமா. ஓம் ஐஸு உருகாமப் பாத்துக்கோ” என்றேன். வேறு நல்ல பதிலாக அப்போது வாயில் வரவில்லை. அடுத்த நாள் மூன்று நல்ல பதில் தோன்றியது.

அன்றைக்குப் பத்து மணி வாக்கில் போன் வந்தது. மரியான். காது கேட்காதவன் போனில் பேசினால் அவன் மட்டும்தான் பேசுவான்.

“அண்ணாச்சி, நான்தான். சும்மா கேளுங்க” என்று கத்திவிட்டுப் போனை எதன் பக்கத்திலோ பிடித்தான். தட தட தட என்று ஒரே சீராக ஒரு சத்தம். பதினாறு வருடம் என் லாஞ்சில் ஓடிய இஞ்சின். தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். அதற்கு நடுவில் தண்ணீர் கிழிகிற சத்தமும், யாரோ இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தமும் வந்தது.

“கடிச்சிப் பாத்துட்டேன் அண்ணாச்சி! நாலு சிலிண்டரும் சரியா அடிக்கி!”

“எப்ப வாரலே?” என்று கேட்டேன். அவனுக்கு எங்கே கேட்கும். வைத்துவிட்டான்.

என் லாஞ்சுகள் பதினெட்டாம் தேதிதான் கடலுக்குப் போயின. மூன்று நாள் பிந்தி. மற்றவர்கள் வலை நிறைய அள்ளிய மிச்சத்தை அள்ளிக்கொண்டு வந்தன.

மரியான் ஆகஸ்டு கடைசியில் வந்தான். வெள்ளம் வடிகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் வந்தான். ரயிலடியில் ஆளை அடையாளம் தெரியவில்லை. காய்ச்சலில் பாதி உடம்பு போயிருந்தது. கால் இரண்டும் சேற்றுப்புண். மரியசெல்வி அவனைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு, “உயிரு இருக்கா, கடிச்சிப் பாக்கவா?” என்று மட்டும் கேட்டாள். அவனுக்கு நல்ல காதுப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவன் வீட்டில் வைத்து எல்லாம் கேட்டேன். ஆற்றுத் தண்ணீரை உள்ளே இழுக்காமல், படகின் அடியில் குழாய் ஓட்டி, நல்ல தண்ணீரை அதற்குள்ளேயே சுற்றிவர விட்டிருக்கிறான். குழாய் வாங்க இரண்டு நாள் போய்வர வேண்டியிருந்ததாம். வெல்டிங் வைக்க கரண்டு வருகிற நேரத்துக்குக் காத்துக்கிடந்தானாம்.

“வேதத்தப் பத்தி அங்கன என்னலே சொன்ன?”

“ஒண்ணும் சொல்லலயே அண்ணாச்சி. எனக்கு அவுக பாசை தெரியாது. ஒரு கிழவரு தினமும் வந்து பக்கத்துல குத்த வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு நாளு சிஸ்டருட்ட, ‘இந்த ஆளு எதுக்கு இவ்வளவு தூரம் வந்தான்’னு கேட்டாராம். சிஸ்டர் என்கிட்ட கேட்டாவ. கூப்பிட்டாவ, வந்தேன்னு சொல்லுங்கன்னேன். அவ்வளவுதான்.”

நான் கேட்க நினைத்த இன்னொன்று இருந்தது. கேட்கக் கூடாது என்றுதான் போனேன். வாய் நிற்கவில்லை.

“இஞ்சின் மூடி எப்படிடே இருக்கு?”

மரியான் மரியசெல்வியைப் பார்த்தான். மரியசெல்வி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

“தண்ணித் தொட்டி மேல ஒண்ணு வைக்க வேண்டியிருந்து அண்ணாச்சி. மூடியில ஓட்டை போட்டுத்தான் வைக்கணும். பேரு இருந்த எடம்தான் சரியா வந்து. வேற எடத்துல போட்டா குழாய் வளையாது.”

“பேரு முழுக்கவா?”

“கீழ ஊரு பேரு இருக்கு. திரேஸ்புரம், தூத்துக்குடி. அது நல்லாத் தெரியும்.”

எனக்கு ஆத்திரம் வந்தது என்பதை மறைக்கவில்லை. மேளம் வைத்து அனுப்பிய பேர். ஆனால் ஆத்திரப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். அவன் எதிரில் பாயில் சாய்ந்து, வீங்கிய காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் முதுகைச் சுவரில் சாய்த்தேன். மரியசெல்வி காப்பி கொண்டுவந்தாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. மரியானுடைய கால் ஆறிவிட்டது. முட்டி ஆறாது. போன தடைக்காலத்திலும் ரெக்ஸ் சாமி கூப்பிட்டார், போனான், ஒரு மாதத்தில் இஞ்சினைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தான். வருகிற ஏப்ரலுக்கும் போகப் போகிறான். என்னிடம் கேட்கவில்லை. நானும் கேட்கட்டும் என்று இருக்கவில்லை. டெரன்ஸிடம் சொல்லி இந்தத் தரம் கீழ்ப்படுக்கை டிக்கட்டாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு புது பம்பும் வாங்கி வைத்திருக்கிறேன். புதுசு, பெட்டி பிரிக்காதது. அதில் எங்கேயும் ஒன்றும் எழுதவில்லை.

மரியான் திரும்பி வந்த பிறகுதான் என் இஞ்சின்களைப் பிரிப்போம்; ஆகவே வருகிற தடை முடிந்தும் என் லாஞ்சுகள் மூன்று நாள் பிந்தித்தான் கடலுக்குப் போகும். ஆட்களிடம் இப்போதே சொல்லிவிட்டேன். இந்தத் துறைமுகத்தில் எத்தனையோ லாஞ்சு இருக்கிறது. அப்படித் தெரிந்தே பிந்திப் போகிற லாஞ்சுகள் என்னுடைய மூன்று மட்டும்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.